ஒன்பது சாவிகள்

ரொட்டிக்கடைக் கதவில் ஒரு தாள்:
இருபத்தாறாம் தேதிவரை விடுமுறை.
மருந்துக்கடையும் அப்படித்தான்.
லியோன் நகரமே கடலுக்குப் போய்விட்டது.

மூன்றாம் மாடி ஒதில் மட்டும் போகவில்லை.
கழுத்தில் ஒன்பது சாவிகள்.
பூட்டிய வீடுகளின் செடிகளுக்கெல்லாம்
தண்ணீர் ஊற்றுகிறாள்.
ஒரு பூனைக்கு மாத்திரையும்.

பீச் பழம் என்ன விலை என்றேன் சந்தையில்.
'போன்ஜூர்' என்றார் கடைக்காரர்,
காத்திருந்தார்.
நானும் சொன்ன பிறகுதான்
தராசு அசைந்தது.

இரவு ஒன்பதரை. வெயில் இன்னும்
எதிர்ச்சுவரில் சாய்ந்து நிற்கிறது,
வீட்டுக்குப் போக மனமில்லாத பையன் மாதிரி.
படிக்கட்டில் ஒதில்,
செருப்பைக் கழற்றிவிட்டு
கால்விரல்களை நீவிக்கொண்டிருக்கிறாள்.

முந்திக்கொண்டு போன்ஜூர் என்றேன்.
'போன்சுவார்' எனத் திருத்தினாள்,
கையை நீட்டியபடி.
சனிக்கிழமை நான் கிளம்புவது
யார் சொல்லித் தெரிந்ததோ.

சாவியைக் கொடுத்துவிட்டேன்.
என் அறையில் ஒரு செடிகூட இல்லை.