மஞ்சள் மின்தேக்கி

மீன் எண்ணெய் கருகிய நாற்றம் என்றான் எர்லெண்ட்.
நான் முகர்ந்தவரை அது காகிதம்.
காகிதமும் பிசினும்
நாற்பது வருட ஆர்க்னிக் கடற்காற்றும்.

பத்து நிமிடம் ஓடியதாம். பிறகு ‘டப்’.
விசைகளின் சந்து வழியே வெள்ளைப் புகை.
நாய் மாடிக்கு ஓட,
இவன் ப்ளக்கைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓட,
கணினி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது.

குப்புறப் போட்டு மூன்று திருகைக் கழற்றினேன்.
மின்வழங்கிப் பெட்டி தகரம்;
ஓரம் விரலைக் கீறும். கீறியது.
எட்டிப் பார்த்தவனைத் தொடாதே என்றேன்.
பெரிய மின்தேக்கி கடன் கொடுத்தவனைப் போல,
கம்பியைப் பிடுங்கினாலும் கணக்கை மறக்காது.
அதன் கால்களுக்கிடையே ஒரு மின்தடையைப் பிடித்து
மீட்டரில் முன்னூறு, நாற்பதாகி, மூன்றாகும்வரை
இருவரும் பேசவில்லை.
துறைமுகத்தில் கடைசிக் கப்பல் ஊதியது.

ஃப்யூஸ் நன்றாக இருந்தது. டயோடுகளும்.
மூலையில் அந்தச் சின்னது:
பழம் பீங்கான்போல் மயிர்க்கோடு விழுந்த மஞ்சள் உடம்பு,
வயிறு கிழிந்து காகிதம் வெளியே.

இத்தனையும் எதற்கு? ஒரு பந்தயத்துக்கு.
எண்பத்தாறாம் வருட டார்ட்ஸ் கோப்பை
தன்னுடையது என்கிறான் இவன்.
தன்னுடையது என்கிறான் பக்கத்து வீட்டு சிகர்ட்.
புள்ளிகளெல்லாம் பிஸ்கட் டப்பாவில், ஒரு வட்டில்.
இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.
பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை;
பந்தயம்கூட மதுக்கடைக்காரன் வழியாகத்தான்.

வெடித்ததை வெட்டி எடுத்தேன்.
கார் விளக்கின் பல்பு ஒன்றைச் சுமையாகக் கட்டினேன்.
வேலை கொடுக்காவிட்டால் இந்த ரகம் உண்மை பேசாது.
சுவிட்ச்.
பல்பு மங்கலாகச் சிவந்தது.
ஐந்து புள்ளி பூஜ்யம் நான்கு. அசையாமல்.

பலகையோடு இணைத்ததும்
தாழ்ந்த ஒரு சுரம், உடனே உயர்ந்த ஒன்று.
“செத்துப்போச்சுன்னு நினைச்சேன்.”
சாகவே இல்லை, எர்லெண்ட்.

“அப்ப அந்த மஞ்சள் சனியன் எதுக்கு?
அது இல்லாமலே ஓடுதே. மூடு, தோரா.”

எப்படிச் சொல்வது?
மின்சாரத்தை நறுக்கி நறுக்கித் தைக்கிற பெட்டி இது.
அந்த இரைச்சல் கம்பி வழியே சுவர் தாண்டிப் போகும்.
போகவிடாமல் விழுங்கிக்கொண்டு கிடந்தது அது.
இந்தக் கணினிக்கு அதனால் காலணா லாபம் இல்லை.
“பின்ன யாருக்கு?”
“பக்கத்துல ரேடியோ கேக்கறவனுக்கு.”

சுவருக்கு அந்தப் பக்கம் கடல் வானிலை அறிக்கை,
நடுநடுவே கரகரப்பு.
எர்லெண்ட் காதைச் சாய்த்தான்.
கணினியை அணைத்தான். கரகரப்பு நின்றது.
போட்டான். வந்தது.
அணைத்தான். போட்டான்.
அவன் முகத்தில் எனக்குப் பிடிக்காத ஒரு சிரிப்பு.

அப்புறம் வெகுநேரம்
சுவிட்சின் மேலிருந்த தன் விரலையே பார்த்தான்.

“புதுசு என்ன விலை?”
“ஒரு பவுண்டுகூட ஆகாது. பையிலேயே இருக்கு.”
“போட்டுத் தொலை.”

ஈயம் உருகிப் பளபளத்து இறுகியது.
அவன் வட்டைச் செருகியபோது
திரைக்கு முதுகு காட்டிக் கருவிகளை அடுக்கினேன்.
படித்தான். ஒன்றும் சொல்லவில்லை.
பிஸ்கட் டப்பா மூடுகிற சத்தம் மட்டும்.

பிறகு சுவர் வழியே, சுத்தமாக,
ஃபேர் தீவு:
வடமேற்குக் காற்று, ஏழு.
பின்னிரவில் ஐந்தாகக் குறையும்.