உப்பிடுகிறவன்

பக்ரீத் முடிந்த மறுநாள்
தாராவிக்கு லாரி லாரியாய்த் தோல் வரும்.
ஈரம் காயுமுன் உப்பைத் தேய்க்க வேண்டும்,
கழுத்து மடிப்பில் கொஞ்சம் கூடுதலாக.
இருபத்தாறு வருஷமாக என் விரல் வெடிப்புக்குள்
உப்பு குடியிருக்கிறது.
எந்தக் காணிக்கையும் உப்பில்லாமல் கூடாதென்று
லேவியராகமம் வாசிக்கும்போதெல்லாம்
பாஸ்டர் என்னைப் பார்ப்பதாகத் தோன்றும்.

போன வருஷம் அதே வாரம்
சயான் ஆஸ்பத்திரியில் ஆசீரைப் படுக்கவைத்தோம்.
ஒன்பது வயது. இதயத்தில் ஓட்டை.
மார்பின் நடுவே மையால் கோடு கிழித்திருந்தார்கள்.
எங்கள் பட்டறையிலும் தோலுக்கு அதே நீல மைதான்.
ஃபாரம் முழுக்க மராத்தி.
எனக்குப் புரிந்த ஒரே இடம்
கையெழுத்துக்கு விட்டிருந்த வெற்றுக் கோடு.
போட்டேன்.
கத்தி என் கையில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பச்சைத் துணி போர்த்துமுன் கேட்டான்,
"வலிக்குமாப்பா?"
"பார்த்துக்குவாங்க" என்றேன்.
யார் என்று சொல்லவில்லை.
மோரியாவுக்கு ஏறும்போது அந்தக் கிழவனும்
பார்த்துக்கொள்வார் என்றுதான் சொன்னான்,
விறகு மகன் தோளில்,
நெருப்பு தன் கையில்.
நம்பிச் சொன்னானா,
பிள்ளை மிரளாதிருக்கச் சொன்னானா?
முன்பென்றால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன்.

ரத்தம் இரண்டு பாட்டில் குறைந்தது.
என்னுடையது சேரவில்லை. ஞானப்பூவுக்குச் சோகை.
தோல் லாரி ஓட்டும் கௌஸ் ஒரு கையை நீட்டிப் படுத்தான்,
மறு கை செல்போனில் ஏதோ கிரிக்கெட் பார்த்தது.
முட்புதரில் கொம்பு மாட்டிய கடா என்று
ஒரு கணம் அவனை நினைத்துவிட்டேன்.
இன்னும் கூசுகிறது.
கடா மாட்டிக்கொண்டது.
இவன் வந்தான்.

பிள்ளை பிழைத்தான்.
சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள்.
எழுந்து கௌஸ் பெயரைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்.
பிறகு அல்லேலூயா.

வீட்டில் அந்த அதிகாரத்தை மறுபடி புரட்டினேன்.
தகப்பன் வேலைக்காரரிடம் திரும்பி வந்தான் என்றிருக்கிறது.
மகன் கூட இறங்கினானா, ஒரு வரியும் இல்லை.
எனக்குத் தெரியும்.
டிஸ்சார்ஜ் ஆன அன்று டாக்ஸியில்
டிரைவர் பக்கத்தில்தான் உட்காருவேன் என்றான் ஆசீர்.
தொண்ணூறடி ரோடு வரும்வரை
திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனேன்.
ஒரு தோலில், நெஞ்சுப் பக்கம்,
எப்போதோ முள் கிழித்த தழும்பு,
நீளமாக, நன்றாக ஆறிப்போனது.
அதன்மேல் உப்பு வைக்கக் கை தயங்கியது.
பிறகு வைத்தேன்.
வைக்காவிட்டால் அழுகிவிடும்.