இரண்டரை நட்சத்திரம்

ஸ்ரான்லி வீதி, ரியூட்டரி மேல்மாடி.
கரும்பலகையில நேற்றைய இரசாயனச் சமன்பாடு;
அதுக்கு மேல வெள்ளைச் சீலை கட்டிப் படம் போட்டம்.
இரண்டேகால் மணித்தியாலம். பதினொரு கொலை.
எண்ணினது நான்தான், வேறென்ன செய்ய.

லைற் போட்டதும் சிவகடாட்சம் சேர் எழும்பினார்:
"நகரத்தின்ர நரம்பை அறுத்துக் காட்டுது."
லோஜினி விடேல்லை:
"அதுக்கேன் சேர்
ஒவ்வொரு பொம்பிளையும் ஒருக்காத் தரையில விழோணும்?"
பின்வாங்கில ஒருத்தன், கமரா வேலை கலக்கல் எண்டான்.
இன்னொருத்தர்,
நம்பிக்கை எண்டு ஒரு சொட்டும் இல்லை,
இதைப் பார்த்து எங்கட பெடியள்...

வசனம் முடியேல்லை.
கீழ சைலன்சர் கழட்டின மோட்டார்சைக்கிள்
இரண்டோ மூண்டோ போச்சுது.
ஆரோ மெல்லக் கதவுக் கொண்டியைப் போட்டினம்.
சத்தம் ஆரியகுளம் தாண்டுமட்டும்
விமர்சனம் இல்லை.

பற்றிமாகரனுக்குப் பெரியாஸ்பத்திரியில
விபத்துப் பிரிவில வேலை.
புரொஜெக்டர் வயரைச் சுத்திக்கொண்டே சொன்னான்:
"வெட்டுப்பட்டவன் உப்பிடி வசனம் பேசமாட்டான்.
செருப்பைத் தேடுவான்.
மற்றது எங்கயெண்டு
எங்களைத்தான் திருப்பித் திருப்பிக் கேப்பான்."
ஒருத்தரும் சிரிக்கேல்லை.
அவனும் சிரிக்கச் சொல்லேல்லை.

பேப்பருக்கு முதலே எழுதி வைச்சிருந்தன்:
ஒளிப்பதிவு சிறப்பு, இரண்டாம் பாதி தொய்வு,
ஐஞ்சுக்கு இரண்டரை.
அந்த அரை ஆருக்கு எண்டு யோசிச்சு
அழிச்சன்.
பிறகு தொய்வை அழிச்சன்.
விடிய ஆசிரியருக்கு அனுப்போணும்.
மேசைக்குக் கீழ என்ர வலதுகால்
தன்பாட்டில
மற்றச் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தது.