கால் திருகு

பகலில் என் கையில் இருப்பது ஊரின் தண்ணீர்.
கந்தளாயிலிருந்து குழாய்க்குள்ளேயே நடந்து வந்து
உவர்மலை ஏற்றத்தில்
மூச்சு வாங்கி நின்றுவிடும் தண்ணீர்.
"மேல்வீட்டுக்கு நூல் மாதிரி வருது, ஐயா"
என்று தினமும் ஒரு போன்.
வால்வை ஒரு கால் திருகு திருகி
கீழ்த்தெருவில் குறைத்து மேல்தெருவுக்குக் கொடுப்பேன்.
பிறகு கீழ்த்தெருவிலிருந்து போன் வரும்.

இரவில், நாலடிக் கண்ணாடிப் பெட்டி.
இருநூற்றைம்பது லீட்டர் உப்புத்தண்ணீர்.
மணிக்கு ஐயாயிரம் லீட்டர் தள்ளுகிற மோட்டார் இரண்டு.
"ஊருக்கில்லாத பிரஷர்
உங்கட முருகைக்கல்லுக்கோ?"
தவமலர் கேட்டபோது பதில் சொல்லவில்லை.
மூன்றாவது மோட்டார் அரிசி வாளிக்குப் பின்னால்
ஒளிந்திருந்தது.

சுத்தியல் முருகை நீர்கொழும்பிலிருந்து வந்தது,
பஸ்ஸில், என் மடியில்.
தொட்டியில் பிறந்து தொட்டியில் வளர்ந்தது.
அதற்குக் கடலைக் காட்டுவதாய் நினைத்து
முழு வேகத்தையும் நேரே முகத்துக்குத் திருப்பினேன்.
ஏழாம் நாள் ஒரு பக்கத்துச் சதை விலகி
வெள்ளை தெரிந்தது,
கிளி கொத்திய கொய்யா மாதிரி.

குறைத்தேன்.
பாறைக்குப் பின்னால் தூசு படிந்தது,
மணல்மேல் சிவப்புப் பாசி வெல்வெட்டாய் விரிந்தது.
கூட்டினேன்.
மணல் எழும்பி ஒரு மூலையில் குன்றாயிற்று,
மறு மூலையில் வெறும் கண்ணாடித் தரை.
ஒரு மாதம் இப்படி.
கீழ்த்தெரு, மேல்தெரு.

உறைந்த இறாலைக் கரைத்து ஊற்றி
துகள்கள் போகிற வழியைத் தாளில் வரைந்தேன்.
அம்புக்குறியெல்லாம் ஒரே திசை.
ஒப்பமிட்டால் அலுவலகக் கோப்பிலேயே வைக்கலாம்.

அந்த ஞாயிறு டச்சுக்குடாவில்
இடுப்பளவு தண்ணீரில் சும்மா நின்றேன்.
கால்மயிர் சாய்ந்தது கரைப்பக்கம்.
நிமிர்ந்தது.
சாய்ந்தது கடற்பக்கம்.
யாரும் என்னைத் தள்ளவில்லை.
வருவதற்கும் போவதற்கும் நடுவே
எந்தப் பக்கமென்று தீராத ஒரு கணம் இருந்தது.
நாற்பத்தாறு வருடம் இந்தக் கரையில் குளித்தும்
கடலை ஒரு குழாய் என்றே எண்ணியிருந்திருக்கிறேன்.

ஈரச் சாரத்தோடு வீட்டுக்கு ஓடி
ஒரு மோட்டாரைக் கண்ணாடிச் சுவரைப் பார்க்கத் திருப்பினேன்.
மோதித் திரும்பிய தண்ணீர்
கோபத்தைச் சுவரிலேயே விட்டுவிட்டு வந்தது.
மற்றதை எதிர்ப்பக்கம், ஒரு கால் திருகு கீழே.
ஒன்று ஓய மற்றது எழ
வாடைக்கு ஒன்று, கச்சானுக்கு ஒன்று.
முருகை மூன்று நாள் யோசித்தது.
நாலாம் நாள் விரல் நீட்டியது,
நல்ல பக்கத்தில் மட்டும்.

அன்றிரவு கரண்ட் போனது.
மோட்டார் சத்தம் நின்றதுதான் என்னை எழுப்பியது.
அகப்பையோடு ஸ்டூலில் ஏறினேன்.
வலம், இடம், வலம்.
ஊர் முழுக்க இருட்டு.
துறைமுகத்தில் கப்பலொன்று மட்டும்
தன் சொந்த வெளிச்சத்தில் நின்றது.
இரண்டு மணிக்குத் தவமலர் எழும்பி வந்து
"தாங்கோ" என்று அகப்பையை வாங்கினாள்.
அவள் கலக்கியது வேறு தாளம்.
பருப்புக்குக் கலக்குகிற மாதிரி,
நடுவில் நிறுத்தி ஒரு கொட்டாவி, பிறகு மறுபக்கம்.
டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
கிழிந்த பக்கத்திலும் ஒரு விரல்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
"விடிஞ்சதும் அந்த மூண்டாவது மோட்டாரைக் குடுத்திடுங்கோ"
என்றாள், கை நிற்காமல்.

பாறைக்குப் பின்னால் ஒரு சாண் இடத்தில்
தூசு இன்னும் கிடக்கிறது.
எந்தச் சுழிப்பும் எட்டாத அந்த மூலையில்
ஒரு இறால் மீசையை மட்டும் வெளியே விட்டுக்
குடியிருக்கிறது.
அதை அப்படியே விட்டுவிட்டேன்.

காலை ஆறரைக்கு உவர்மலை மேல்வீட்டுப் போன்.
"தண்ணி வருது, ஐயா.
ஆனா விட்டு விட்டெல்லோ வருது."
அது நல்லம்தானே என்று சொல்ல வாயெடுத்து,
வால்வுச் சாவியைத் தேடினேன்.