ஆளுக்கு இருபத்துமூன்று கிலோ

லிஸ்பன் விமான நிலையத்தில்
மாறிச் செல்லும் பயணிகளுக்கான எட்டாம் மேசை என்னுடையது.
பதினான்கு வருடமாக ஒரே கேள்வி:
என் பெட்டி எங்கே.

மூன்று கம்பெனி, ஒரே சீட்டு என்றால்
பெரும்பாலும் ஒரு கம்பெனியின் கணக்கே கடைசிவரை.
சீட்டு தனித்தனி என்றால்
இறங்கிய ஊரில் எடு, வெளியே வா, வரிசையில் நில்,
மறுபடி நிறு, மறுபடி காசு கட்டு.
ஒருவன் கிலோ பார்ப்பான்,
அடுத்தவன் உருப்படியை எண்ணுவான்.
சாமி வரம் கொடுத்துவிட்டதென்று
முதல் விமானத்தில் நிம்மதியாகத் தூங்குவார்கள்;
பூசாரி மூன்றாவது விமானத்தில் காத்திருப்பார்.
விதி என்று கண்ணாடிக்கு மேலே எழுதி மாட்டியிருக்கிறோம்.
எந்த அர்த்தத்தில் என்று யாரும் கேட்டதில்லை.

ஜனவரி. மழை. விடிகாலை ஐந்தரை.
கடவுச்சீட்டில் ஒடீலியா என்றிருந்தது.
குரிடிபாவிலிருந்து சாவோ பாவ்லோ,
அங்கிருந்து இங்கே, இங்கிருந்து கதான்ஸ்க்.
கப்பல் பட்டறையில் கணவருக்கு வேலை.
"அவர் போகிறார். நான் போகவில்லை.
என் பெட்டியை மட்டும் இறக்கித் தாருங்கள்."

அழுகிறவர்களுக்கென்று தனியாக ஒரு குரல் வைத்திருக்கிறேன்.
அதற்கு வேலை வரவில்லை.

திரையில் இரண்டு பெட்டி,
இரண்டும் காசிமிரோ என்ற பெயரில்.
ஒரே சீட்டில் வந்தவர்கள் எங்களுக்கு ஒரே ஆள்.
"இதில் எது உங்களுடையது?"

அப்போதுதான் திணறினாள்.

குரிடிபாவில் ஒன்று இருபத்தாறு காட்டியதாம், மற்றது இருபது.
வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க
இருவரும் தரையில் மண்டியிட்டுப் பெட்டிகளைத் திறந்தார்களாம்.
அவருடைய பனிக்கால பூட்ஸ் சாம்பல் பெட்டிக்கு வந்தது.
அவளுடைய கம்பளிக் கோட்டு பச்சைப் பெட்டிக்குப் போனது.
கூடவே அவள் தைத்த திரைச்சீலை, இன்னும் பார்க்காத ஒரு ஜன்னலுக்கு.
இங்கே ஒரு இஸ்திரிப்பெட்டி, அங்கே ஒரு அகராதி,
எடுத்து, வைத்து, எடுத்து,
கடைசியில் இருபத்துமூன்று, இருபத்துமூன்று.
"அந்த எண் வந்ததும் கைதட்டிக்கொண்டோம்" என்றாள்.
நேற்று மத்தியானம்.

"சாம்பல்" என்றாள், கொஞ்ச நேரம் கழித்து.

பெட்டி அவர் பெயரில்; அவரோ ஏறி உட்கார்ந்தாகிவிட்டது.
நான் உதட்டைப் பிதுக்கியிருந்தால் போதும்.
தொலைபேசியை எடுத்தேன்.
ஏன் என்று பிறகு மேலாளரும் கேட்டார்.

அடெரிட்டோ மழைக்கோட்டோடு
விமானத்தின் வயிற்றுக்குள் தவழ்ந்துபோய்த் தேடினான்.
முப்பத்தெட்டு நிமிடத் தாமதம்.
நூற்றறுபது பேர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு
யாரையோ சபித்தார்கள்; அவர்களில் ஒருவருக்கு மட்டும்
யாரை என்று தெரிந்திருக்கும்.

நாலாம் பட்டையில் அது தனியாகச் சுற்றி வந்தது.
வாலில் இன்னும் அந்த ஊரின் மூன்றெழுத்து.
அங்கேயே திறந்தாள்.
மேலாக இருந்தது பூட்ஸ்.
எடுத்து நாற்காலியின் கீழே ஜோடியாக வைத்தாள்,
யாரோ கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பதுபோல.
"இதை மட்டும் அனுப்ப எவ்வளவு ஆகும்?"
சொன்னேன்.
சிரித்துவிட்டாள்.
அந்தக் காசுக்குப் புதிதே வாங்கலாம்.

மறுநாள் மாலை கதான்ஸ்கிலிருந்து அழைப்பு.
பனி கொட்டுகிறது, காலில் துணி ஷூதான் என்றார்.
பிறகு, அதைப் பற்றிப் பேச வரவில்லை என்றார்.
பச்சைப் பெட்டியில் ஒரு கோட்டு இருக்கிறது, பெண்கள் கோட்டு,
அதற்கு எந்தப் படிவம்?

கைவசம் இருந்ததைப் படித்துக் காட்டினேன்:
சேதமென்றால் ஏழு நாளுக்குள் எழுதித் தர வேண்டும்.
தாமதமென்றால் இருபத்தொரு நாள்.

எதிர்முனையில் யாரோ மரப்படி ஏறும் சத்தம்.
"இரண்டில் எது என்று
இன்னும் தெரியவில்லை, அம்மா" என்றார்.