ஆடாத கொம்பு

ஒஸ்த்ரவா நகரில் நாற்பத்தாறு லிஃப்டுகள் என் பொறுப்பில்.
கயிறு தளர்ந்தால், கதவு கையைக் கடித்தால்
என்னைத்தான் கூப்பிடுவார்கள்.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பிறகு வருவது வெட்கக்கேடு.

பிப்ரவரி. ஏழாம் மாடி. ஜன்னலெல்லாம் பனி.
கூண்டில் இரண்டு சிறுகிளிகள்.
அவன் மூக்கின்மேல் நீலம்,
அவள் மூக்கின்மேல் காய்ந்த காப்பித்தூள் நிறம்.
"இந்த நிறம் ஏறினால் அவள் தயார்" என்றாள்
விதைக்கடை ஹெட்விகா.
ரசீதின் பின்புறம் நாலு வரி எழுதித் தந்தாள்.
நான் இரண்டைப் படித்தேன்.

ப்ளைவுட்டில் பெட்டி அடித்தேன்.
வாசல் இரண்டு விரற்கடை.
முட்டை உருண்டோடாதிருக்க
அடிப்பலகையில் உளியால் ஓர் உள்ளங்கைக் குழி.
கடலே இல்லாத நாட்டில்
கணவாய் ஓடு தேடி மூன்று ட்ராம் மாறினேன்.
பதினாலு மணி நேரம் பகல் என்று
விளக்கைக் கொண்டு பொய்யாய் ஒரு வசந்தம் செய்தோம்.
க்வியெட்டாவுக்கு ரொட்டி ஆலையில் இரவு வேலை.
எங்கள் வீட்டில் எப்போது பகல் என்பதே
கிளிகள் வந்த பிறகுதான் முடிவானது.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு முட்டை.
ஐந்து.
அவள் உள்ளே அமர்ந்தாள்.
அவன் தினையைத் தின்று
வாசலில் தலைநீட்டி அவளுக்குக் கக்கி ஊட்டினான்.
பத்தாம் நாள் டார்ச் பிடித்துப் பார்த்தோம்.
நரம்பு ஓடவேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம்,
ஆளில்லாத அறையில் விளக்கெரிவதுபோல்.
ஐந்தும் கூமுட்டை.
எடுக்கவில்லை.
எடுத்தால் உடனே மறுபடி இடுவாள், உடம்பு தாங்காது.
சும்மாவே அடைகாத்துச் சலித்து
ஒருநாள் அவளே எழுந்து வந்தாள்.

நான் அவனைத் திட்டினேன்.
சோம்பேறி என்றேன். இன்னும் என்னென்னவோ.

ஒரு முற்பகலில், பத்தாம் மாடிக்கும் பதினோராம் மாடிக்கும் நடுவே
லிஃப்டின் தலைமேல் நான் நின்றிருக்க
போன் அடித்தது.
தூக்கம் வராமல் கூண்டருகே உட்கார்ந்திருந்தாளாம்.
"கொம்பு ஆடுது, ரடோவன்."
"எந்தக் கொம்பு?"
"அவன் ஏறுறான், கொம்பு உருளுது,
ரெண்டு பேரும் சறுக்கிடறாங்க.
நாப்பத்தாறு லிஃப்டை இறுக்குற மனுஷன்…"
வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை.
ரசீதின் நாலாவது வரியில் இருந்தது அது.

அன்று மாலை
ஆற்றங்கரை வில்லோவில் ஒரு கிளை வெட்டினேன்.
வெந்நீரில் கழுவி, காயவைத்து,
முனைக்கு ஒரு ஸ்க்ரூ, ஒரு வாஷர்.
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்,
ஆட்கள் ஏறுமுன் அழுத்திப் பார்க்கும் அதே அழுத்தம்.
நீலமூக்கனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.
கூடுதலாய் ஒரு தினைக்கதிர் தொங்கவிட்டேன்.

பெட்டியைக் கழற்றி ஆறு வாரம் ஓய்வு.

மே மாதம் ஆறு முட்டை.
நான்கில் சிலந்திக்கால்போல் சிவப்பு.
பதினெட்டாம் நாள் விடியலில்
பெட்டிக்குள் ஏதோ கிறீச்சிட்டது,
எண்ணெய் போடாத கீல் மாதிரி.
என் காது தொழில்காது.
எண்ணெய்க் குப்பியைத் தேட எழுந்துவிட்டேன்.
வேலை முடிந்து வந்தவள்
கோட்டைக்கூடக் கழற்றாமல் சிரித்தாள்,
தோளிலிருந்து மாவு உதிர.

நான்காவது குஞ்சு
அண்ணன்களின் வயிற்றுக்கடியில் கிடந்தது.
தாய் அதைத்தான் முதலில் தேடி ஊட்டினாள்.
மூன்றாவது பிழைக்கவில்லை.
ஏனென்று ரசீதில் இல்லை.

ஐந்தாம் வாரம், மூத்தது
வாசலில் பாதி உடம்பாய் நின்று
வெகுநேரம் யோசித்து
விழுவதுபோல் பறந்து கொம்பில் இறங்கியது.
கொம்பு அசையவில்லை.

திங்கட்கிழமை பதிவேட்டில்
எந்த நினைவிலோ எழுதிவிட்டேன் போல:
கொம்பு, சரி.
மேலாளர் கண்ணாடியை உயர்த்திக் கேட்டார்,
இது எந்தக் கட்டடம்?