பொருள் எண் பதினான்கு

ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர்.
அந்த வட்டத்துக்குள் பீடியோ சிகரெட்டோ
யாரும் பற்றவைக்கக் கூடாது,
மீறினால் இருநூறு ரூபாய்.
பொருள் எண் பதினான்கு.
பதின்மூன்று தெருநாய்கள்.
அது முடியவே மணி பன்னிரண்டரை.

நான் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன்.
பேசுவது என் வேலையல்ல.
சட்டைப்பையில் ஒரு பாக்கெட், நாலு மிச்சம்.
அதுவும் பேசவில்லை.

ஒன்பதாம் வார்டு ரெஜினா டீச்சர் எழுந்தார்.
மூச்சிரைக்கும் பிள்ளையை மலைக்காற்று படட்டும் என்று
மதுரையிலிருந்து கூட்டி வருகிறார்கள்,
படகுத்துறை வரிசையில் முன்னால் நிற்பவன் விட்டதை
வாங்கிக்கொண்டு இறங்கிப் போகிறது அது, என்றார்.
போன பங்குனியில் புல்மேடு எரிந்ததைச் சொன்னார்.
துண்டு சிகரெட்டுதான் என்று யார் பார்த்தது, என்றார்கள்.
யாரும் பார்க்கவில்லை.
எரிந்ததைப் பார்த்தோம்.

லாட்ஜ் வைத்திருக்கும் காஜா மைதீன்:
"மார்கழியில வாயத் திறந்தா
எல்லாருக்கும் புகைதான் வருது.
யாருக்கு ரசீது கிழிப்பீங்க?"
மன்றம் சிரித்தது. சிரிப்பை எழுதுவதில்லை.
மேடேற முடியாமல் கக்கும் டூரிஸ்ட் பஸ்ஸை
என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார்.
அதற்குச் சிரிப்பில்லை, பதிலும் இல்லை.

பார்வையாளர் வரிசையில் இருவருக்கு அனுமதி தந்தார் தலைவர்.

குதிரைக்கார இன்னாசி
குல்லாயைக் கழற்றிக் கையில் சுருட்டினார்.
"பஸ்ஸுல பிடிக்காதேன்னீங்க, சரி.
டீக்கடையில போர்டு மாட்டுனீங்க, சரி.
ரோட்டுக்கு வந்தேன்.
ரோடும் ஆகாதுன்னா மிச்சம் எங்க வீடு.
ஒத்த ரூமு.
மக பெத்த கைப்பிள்ள தூங்குது அதுல.
அங்க போயிப் பிடிக்கவா?"

பேனா தானாக நின்றது.
ஜன்னலைச் சாத்த மறந்திருந்தார்கள்.
மூடுபனி உள்ளே வந்து
பதிவேட்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தது.

பிறகு பூரணம்.
குதிரை நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில்
சோளம் சுட்டு விற்கிறவள்.

"வெட்டவெளி வெட்டவெளின்னு சொல்றீங்க.
நடக்கிறவங்களுக்குத்தான் சார் அது வெட்டவெளி.
ஆகலேன்னா நாலு எட்டு தள்ளிப் போயிடுவாங்க.
கடையத் தூக்கிட்டு நான் எங்க போக?
உக்காந்தே கெடக்கிறவளுக்கு அதுவும் ரூமுதான்.
சுவரு இல்ல, அம்புட்டுதான்."

"உன் அடுப்பும்தான புகையுது," பின்வரிசையில் ஒரு குரல்.

"எம் புகை எனக்குச் சோறு போடுது.
இவரு புகை எனக்கு என்னத்தப் போடுது?"

இன்னாசி குல்லாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, பூரணம்."

"பதினோரு வருசமா இருமிக்கிட்டுத்தான இருக்கேன்."

பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.
நான் எழுதியது:
உறுப்பினர்களும் பொதுமக்களும் கருத்துத் தெரிவித்தனர்.
இருமலை எங்கே எழுதுவது?
முன்பக்கமும் பின்பக்கமும் புரட்டினேன்.
அதற்கான கட்டம் அச்சடித்து வரவில்லை.

மதியம், அலுவலகத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி.
ஆறு வருடமாக என் இடம், ஆளில்லாத இடம்.
சிகரெட் உதட்டுக்குப் போன பிறகுதான்
தொட்டியின் அடியில் அந்த இரண்டு பெண்களைக் கண்டேன்.
துப்புரவுச் சீருடை, திறந்த தூக்குவாளி,
புளிச்சோற்றின் வாசம்.

எப்போதிலிருந்து இங்கே சாப்பிடுகிறீர்கள் என்றேன்.
ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள்.
"தினமும் இங்கதான் சார்.
நீங்க வந்தா கொஞ்சம் மூடி வச்சிக்குவோம்."

கை அதற்குள் தீக்குச்சியை உரசிவிட்டது.
நமத்துப் போயிருந்தது, பற்றவில்லை.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவது பெட்டியில் இருக்கிறது.

இதை முடிவு என்று
எந்தக் குறிப்பிலும் எழுத முடியாது.